சல்லடை மேல் சத்தியம்

சிஸ்டர் டோரத்தி அமெரிக்காவுக்குத் திரும்பும்போது ஆறுதல் இல்லம் என்ற கவுன்சிலிங் நிலையத்தையும் ஒரு சல்லடையையும் இன்னாசிமுத்துவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது ஒரு வருஷமாகியும் அவருக்கு விளங்கவில்லை.

சல்லடை என்று பெயர் வைத்தது வாட்ச்மேன் லாசர். குட்டையான ஆறு கால்கள். மேலே வட்டமாக ஓர் இரும்பு வளையம். வளையத்தைச் சுற்றி வரிசையாக ஸ்பிரிங்குகள். நடுவில் விறைப்பாக இழுத்துக் கட்டிய கறுப்புத் துணி. பெட்டியைப் பிரித்த அன்றே லாசர் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "இம்புட்டுப் பெரிய சல்லடையில எதைச் சார் சலிப்பாக? ஜல்லியவா?"

"மனசை," என்றார் இன்னாசிமுத்து. சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

பன்னிரண்டு வருஷம் மிஷன் பள்ளியில் சரித்திர வாத்தியாராக இருந்தவர் அவர். யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல வராது. கொஞ்ச நேரம் முழிப்பார். அந்த முழியைப் பொறுமை என்று நினைத்துக்கொண்ட தலைமையாசிரியர், பெங்களூருக்கு மூன்று மாதக் கவுன்சிலிங் படிப்புக்கு அவரையே அனுப்பிவைத்தார். திரும்பி வந்ததும் மதுரை புதூர்ப் பக்கம் மிஷன் வளாகத்தில் ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு போர்டு. எண்பத்து நாலாம் வருஷத்து மதுரையில் கவுன்சிலிங் என்ற போர்டைப் பார்த்து வந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் மகனுடைய சர்டிபிகேட்டுகளோடு வேலை கேட்டு வந்தார். இன்னொருவர் பால் பவுடர் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிஸ்டர் அந்தச் சல்லடையின் உபயோகத்தைச் சொல்லிக்கொடுத்துத்தான் போயிருந்தார். துள்ளிக் குதிப்பதற்கில்லை அது. பாதம் துணியை விட்டு எழும்பவே கூடாது. முழங்காலைத் தளர்த்தி, மூச்சோடு சேர்த்து, தொட்டிலை ஆட்டுகிற வேகத்தில் லேசாக ஏறி இறங்க வேண்டும். ஐந்து நிமிஷம் அப்படி ஆடினால் காதுவரை ஏறியிருக்கிற தோள் தானாக இறங்கும். கடித்து வைத்திருந்த பல் தளரும். நாற்காலியில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டாலும் வராத பேச்சு அப்போது வரும்.

அடுத்தவர்களுக்குத்தான் இதெல்லாம். இன்னாசிமுத்து ஏறினால் ஒரு நிமிஷத்துக்குள் தலை சுற்றி இடதுபக்கம் விழுவார். தினமும் காலையில் ஜெபத்துக்குப் பிறகு முயற்சி செய்வார். தினமும் இடதுபக்கம்தான். லாசர் அந்தப் பக்கம் ஒரு பழைய மெத்தையைப் போட்டுவைத்திருந்தார்.

இந்த நிலையில் எழுமலையிலிருந்து மொக்கையன் வந்தார். ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஆறு வருஷமாக நெஞ்சடைப்பு. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் சலித்துப்போய் இங்கே தள்ளிவிட்டார். இன்னாசிமுத்து அவரைச் சல்லடையில் ஏற்றி, "லேசா ஆடுங்க. மனசுல அடைச்சிருக்கிறது தானா வெளிய வந்துரும்," என்றார்.

நாலாவது நிமிஷம் வந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் மொக்கையனுடைய அண்ணனின் சண்டைச் சேவல், பேரையூர்க்காரன் சேவலிடம் ஒரே சுற்றில் தோற்றது. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று அண்ணன் சொந்த மச்சினனோடு பேச்சையே முறித்துக்கொண்டார். உண்மையில் முந்தின நாள் பாசம் தாங்காமல் சேவலுக்கு வயிறு முட்டக் கம்பு வைத்தது மொக்கையன்தான். சொல்லி முடித்துவிட்டுச் சல்லடையிலேயே உட்கார்ந்து அழுதார். ஊருக்குப் போய் அண்ணனிடமும் சொன்னார். அண்ணன் இரண்டு அறை கொடுத்துவிட்டுச் சோறு போட்டார். நெஞ்சடைப்பு போன இடம் தெரியவில்லை.

இன்னாசிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் எழுமலைக்குப் போய்ச் சேர்ந்த சேதி வேறு மாதிரி இருந்தது. மதுரையில் வேதக்காரர்களிடம் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் ஏறினால் பொய் சொல்ல முடியாது. சொன்னால் ஆளைத் தூக்கிக் கீழே தள்ளிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பது பேர் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். முன்னால் வழிகாட்டிக்கொண்டு மொக்கையன் வந்தார். நெஞ்சை நிமிர்த்தி, ஏதோ சல்லடையை அவரே செய்த மாதிரி நடந்துவந்தார்.

"சார், இது எங்க சின்னாத்தா சீனியம்மாள். இவன் அவுக மகன் சிவனாண்டி. இது மலையம்மாள், அவன் தங்கச்சி. மத்ததெல்லாம் பங்காளிக." பிறகு கடைசியில் தனியாக நின்ற பெண்ணைக் கண்ணால் காட்டினார். "அதான் சோலையம்மாள். சிவனாண்டி சம்சாரம். அதைத்தான் ஏத்தணும்."

"எதுக்கு?"

சீனியம்மாள் முந்திக்கொண்டார். கட்டையான உருவம், அதைவிடக் கட்டையான குரல். "எம்மகளுக்குப் பேரையூர்ல மாப்பிள்ளை பாத்து, பரிசம் போட நாளும் குறிச்சாச்சு சார். எந்தச் சண்டாளியோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டா, பொண்ணுக்கு வலிப்பு இருக்குன்னு. மாப்பிள்ளை வீட்டுல அதைக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டுப் பேச்சையும் முறிச்சுட்டாக. எங்க வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான். சத்துணவுல வேலை. பேனாவும் கையுமா அலையுறவ."

"கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டார் இன்னாசிமுத்து. கேட்ட பிறகு, வேதக்கோயில் வளாகத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறோமே என்று இருந்தது.

"பூசாரி அவ தாய்மாமன் சார்," என்றார் சீனியம்மாள். "சாமியே கூச்சப்பட்டு அவ பக்கம் சாஞ்சிரும். உங்க சல்லடைக்கு எங்க ஊர்ல சொந்தக்காரவுக யாரும் கெடையாது பாருங்க."

"சரி. விழுந்துட்டா?"

"விழுந்தா எழுதுனது அவதான். அத்துவிட்டுருவோம். தாய் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான். பேத்தி எங்க வீட்டுப் பிள்ளை, எங்ககிட்ட இருக்கும்."

சோலையம்மாள் தலை நிமிரவில்லை. இரண்டு கையையும் மூடி வைத்திருந்தாள். சிவனாண்டி தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்னாசிமுத்து சல்லடையைத் திரும்பிப் பார்த்தார். முதல் தடவை ஏறுகிற எவருக்கும் கால் தடுமாறும். பயந்தவர்களுக்கு இரண்டு மடங்கு தடுமாறும். தன்னுடைய ஒரு வாக்கியத்தை இவர்கள் இப்படி எடுத்துக்கொண்டு வந்ததில் இந்தப் பெண்ணின் வாழ்க்கை ஒரு கறுப்புத் துணியின் மேல் நிற்கப் போகிறது.

"இங்க பாருங்கம்மா, இது வெறும் ஸ்பிரிங். பொய் நிஜமெல்லாம் இதுக்குத் தெரியாது. நான் இப்பவே ஏறி ஒரு பொய் சொல்றேன், பாருங்க."

இப்படி ஒரு யோசனை தனக்கு எப்படி வந்தது என்று பின்னாளில் அவர் பல தடவை யோசித்துப் பார்த்ததுண்டு. ஏறினார். லேசாக ஆடினார். எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். வாசலில் நின்ற லாசரைப் பார்த்ததும் ஒரு பொய் கைக்குச் சுலபமாகக் கிடைத்தது.

"என் பேரு லாசர்," என்றார் உரக்க.

"சார், வேணாம்," என்று நிஜ லாசர் சொல்லி முடிப்பதற்குள் இன்னாசிமுத்து இடதுபக்கம் சாய்ந்தார். முந்தின நாள்தான் லாசர் மெத்தையை வெயிலில் காயப்போட்டிருந்தார். தகர பீரோவில் மோதிய சத்தம் வெளியே பஸ் நிறுத்தம்வரை கேட்டிருக்கும்.

பிறகு பங்காளிகளில் ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். சீனியம்மாள் சல்லடையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தீகளா?" என்றார் மொக்கையன். "பேரை மாத்திச் சொன்னதுக்கே இந்தத் தள்ளு!"

"நான் எப்பவும் விழுவேன்!" என்று தரையிலிருந்து கத்தினார் இன்னாசிமுத்து.

"அப்ப எப்பவும் பொய் சொல்லுவீகளா?" என்று பரிவோடு கேட்டார் சீனியம்மாள்.

இன்னாசிமுத்து பீரோவைப் பிடித்துக்கொண்டார். எழுந்து முழங்கையைத் தடவிக்கொண்டே யோசித்தார். விளக்கிப் பிரயோஜனமில்லை, விளக்க விளக்க நிலைமை மோசமாகும் என்பதற்கு முழங்கையே சாட்சி. கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஏறுறதுக்கு முன்னாடி ஆள் தனியா அரை மணி நேரம் பழகணும். பழகாம ஏறினா நிஜம் பேசுறவங்களையும் தள்ளிரும். விதி அது. நீங்கள்லாம் வெளிய வேப்பமரத்தடியில இருங்க. லாசர் டீ வாங்கித் தருவாரு."

இதுவும் பொய்தான். ஆனால் தரையில் நின்று சொன்னதால் விழவில்லை.

கதவைச் சாத்தியதும் சோலையம்மாளைச் சல்லடையில் ஏறச் சொன்னார். கால் வைத்ததுமே அவள் நடுக்கத்தில் ஸ்பிரிங்குகள் கிரீச்சென்று சத்தம் போட்டன.

"துள்ள வேணாம்மா. நில்லு. எதிர்ச் சுவர்ல ஒரு ஆணி இருக்கு பாரு, அதை மட்டும் பாரு. முழங்காலை விறைக்காத. மூச்சை இழுக்கும்போது லேசா மேல, விடும்போது கீழ. பாதம் எழும்பக் கூடாது. அவ்வளவுதான்."

முதலில் இரண்டு தடவை குனிந்து வளையத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடிக்கவில்லை. மூடியிருந்த கை விரல் விரலாகத் திறந்தது. தோள் இறங்கியது. சாணி மெழுகின தரையில் ஒருத்தி பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் அசைவு அவளுக்கு வந்துவிட்டது. இவ்வளவு அழகாக அந்தச் சல்லடையில் யாரும் நின்று அவர் பார்த்ததில்லை.

"நாலு வருசமா இம்புட்டு நேரம் நான் சும்மா நின்னதே இல்ல சார்," என்றாள். கொஞ்ச நேரம் ஆடினாள். பிறகு அதே மூச்சில், "நான்தான் எழுதினேன்," என்றாள்.

இன்னாசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் குற்றமற்றவள் என்று நினைத்துத்தான் இவ்வளவு பாடும் பட்டிருந்தார். எப்படி அப்படி நினைத்தோம் என்று இப்போது யோசித்தால், யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவே இல்லை.

"எதுக்கும்மா?"

"மலையம்மாளுக்கு நெசமாவே வலிப்பு இருக்கு சார். பருத்திக்காட்டுல ரெண்டு தடவை விழுந்துட்டா. கண்ணு சொருகி, கைகால் வெட்டி இழுத்துருச்சு. நான் மட்டுந்தான் பாத்தேன். அவதான் என் கையப் புடிச்சு அழுதா. 'மதினி, கட்டிக் குடுத்த வீட்டுல போயி விழுந்தா மறைச்சுக் கட்டுனோம்னு அடிச்சே கொன்னுருவாக, எப்படியாச்சும் நிறுத்து'ன்னு. எனக்குத் தெரிஞ்சது எழுதுறது ஒண்ணுதான்."

"வீட்டுல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உடுக்கடிக்கிற கோடாங்கிட்ட கொண்டுபோயிப் பேய் புடிச்சிருக்குன்னு வேப்பங்கொழையால அடிப்பாக. எங்க பெரிய மாமியாருக்கு அப்படித்தான் நடந்துச்சாம். அதைச் சொல்லித்தான் அவ பயப்படுறா."

"அது பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வியாதி. மாத்திரை இருக்கு. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணுக்கு இருந்துச்சு. தினமும் மாத்திரை போட்டுக்கிட்டு இப்ப டீச்சர் ட்ரெய்னிங் படிக்குது."

அவளது ஆட்டம் நின்றது. "மாத்திரையா? இதுக்கா? நெசமாவா சார்?"

"நெசம்."

"நீங்க தரையில நின்னு சொல்றீக. இருந்தாலும் நம்புறேன்," என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "சார், நான் எழுதலைன்னு சொன்னா இது தள்ளுமா?"

இன்னாசிமுத்து முழித்தார். பெங்களூரில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: வந்தவர்களுக்கு இதைச் செய் என்று சொல்லக் கூடாது, அவர்களே வழி கண்டுபிடிக்க விட வேண்டும். ஞானோபதேச வகுப்பிலும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. ஊரில் ஒரு பெண் குழந்தை அம்மா எப்போது வருவாள் என்று வாசலில் நின்றுகொண்டிருக்கும் என்பதை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது தானாக ஞாபகத்துக்கு வந்தது.

"ஆணியைப் பாத்துக்கிட்டே இரு," என்றார். "முழங்காலைத் தளத்தியே வையி. மூச்சை விடும்போது பேசு."

அவள் கேட்டதற்கு இது பதிலில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அவள் ஏன் கையெடுத்துக் கும்பிட்டாள் என்பதுதான் புரியவில்லை.

எல்லாரும் உள்ளே வந்தார்கள். சோலையம்மாள் சல்லடையின் நடுவில் நின்று ஆடத் தொடங்கினாள். மொக்கையன் யாரும் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் ஒதுக்கினார். சீனியம்மாள் முன்னால் வந்தார்.

"ஏத்தா சோலை. பேரையூருக்குக் கடுதாசி எழுதினது நீயா?"

ஒரு மூச்சு மேலே போனது. கீழே வந்தது.

"நான் எழுதல அத்தே."

ஸ்பிரிங் ஒன்று முனகியது. இன்னாசிமுத்துவும் அந்த ஆணியையே பார்த்தார். அவள் விழவில்லை. இன்னும் ஆடிக்கொண்டேயிருந்தாள், நிதானமாக, பத்து மூச்சு, பதினைந்து மூச்சு. பங்காளி துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சீனியம்மாளின் முகம் தொங்கிப்போனது. "எறங்கி வாத்தா," என்றார். "கெழவி புத்தி. தப்பா நெனச்சுட்டேன்."

"இருங்க அத்தே. இன்னும் ஒண்ணு சொல்லணும்."

இது கதவைச் சாத்திப் பழகியதில் இல்லை. இன்னாசிமுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சோலையம்மாள் ஆணியை விட்டுக் கண்ணை எடுத்துக் கதவோரம் நின்ற மலையம்மாளைப் பார்த்தாள். அந்தப் பெண் தலை குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, சரி என்று லேசாகத் தலையசைத்தாள்.

"கடுதாசில இருந்தது நெசம் அத்தே. நம்ம மலையம்மாளுக்கு வலிப்பு இருக்கு. நான் ரெண்டு தடவை கண்ணால பாத்தேன்."

"அடியே! எம்மகளப் பாத்து..."

"சின்னாத்தா, சின்னாத்தா!" மொக்கையன் குறுக்கே வந்தார். "கவனிச்சீகளா? தள்ளல!"

எல்லாரும் சல்லடையைப் பார்த்தார்கள். அது தொட்டில் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பேய் இல்ல அத்தே. வியாதி. மாத்திரை போட்டா நின்னுரும். படிச்சு வேலைக்குப் போறவுக எல்லாம் மாத்திரை போட்டுட்டு நல்லா இருக்காக. கோடாங்கிட்ட கொண்டுபோகக் கூடாது."

அப்போதும் தள்ளவில்லை. பொய்யும் நிஜமும் ஒரே துணியில் ஒரே வேகத்தில் ஏறி இறங்குவதை இன்னாசிமுத்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதப் படிப்பும் பன்னிரண்டு வருஷச் சரித்திரமும் இந்த இடத்தில் அவருக்கு உதவவில்லை.

சீனியம்மாள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். "எப்பருந்துத்தா?" என்று மகளைக் கேட்டார்.

"போன ஆவணியில இருந்து."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

மலையம்மாள் முந்தானை நுனியை முறுக்கினாள். சீனியம்மாள் மறுபடி கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மூக்கை முந்தானையில் துடைத்தார்.

"அந்த மாத்திரை எங்க விக்குது சார்?"

"முதல்ல டாக்டர் பாக்கணும். பெரியாஸ்பத்திரில நரம்பு டாக்டர் இருக்காரு. இன்னைக்கே போகலாம், சீட்டு எழுதித் தாரேன்." பேனாவைத் தேடுகிற சாக்கில் இன்னாசிமுத்து எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டார்.

"அப்ப எழுதுனது யாரு?" என்றார் பங்காளி.

"விடுய்யா," என்றார் சீனியம்மாள். "எழுதுனவ நல்லா இருக்கட்டும். மறைச்சுக் கட்டியிருந்தா எம்பிள்ளைய அங்க என்ன பண்ணியிருப்பானுக."

அவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். சிவனாண்டி மட்டும் நின்றான். அன்று காலையிலிருந்து அவன் வாயைத் திறந்தே யாரும் பார்க்கவில்லை.

"எறங்கு சோலை. பிள்ளை தேடும். போவோம்."

சோலையம்மாள் இறங்கினாள். இறங்கியவள் நகரவில்லை. சல்லடையைக் காட்டி, "நீங்க ஏறுங்க," என்றாள்.

"நானா?"

"ஏறி நின்னு, என்னைய நம்புனீகளா இல்லையான்னு சொல்லுங்க. போவோம்."

"தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று வாசலிலிருந்து மொக்கையன் கூப்பிட்டுவிட்டு, உள்ளே ஒரு பார்வை பார்த்ததும் தானாக விலகிப் போனார்.

சிவனாண்டி செருப்பைக் கழற்றினான். ஏறினான். அவன் கனத்துக்குத் துணி தரையைத் தொடப் பார்த்தது. ஆட யாரும் சொல்லித்தரவில்லை. கால்கள் தாமாக ஆடின. ரொம்ப நேரம் ஆடினான். வேர்த்துவிட்டது.

"நம்பல," என்றான்.

விழவில்லை. மரம் மாதிரி நின்றான்.

"ஆத்தா சொன்னப்பவே நீதான்னு நெனச்சேன். ஒரு நாளும் நம்பல. இன்னைக்கு நீ இதுல நின்னு சொன்ன பெறகுதான் நம்புறேன். இனிமே நம்புவேன்."

அவன் நம்பாத நாளெல்லாம் சரியாகத்தான் நினைத்திருக்கிறான். நம்ப ஆரம்பித்த நாளில் தப்பாக நம்புகிறான். இதில் யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இன்னாசிமுத்துவால் கணக்குப் போட முடியவில்லை. சோலையம்மாளின் முகத்தில் வந்தது அழுகையா, கோபமா, வெட்கமா என்றும் தெரியவில்லை. அவள் உதடு எதையோ சொல்லத் திறந்தது. அவரை ஒரு தரம் பார்த்தாள். அவர் அவசரமாகச் சீட்டில் தேதி போட்டார். ஏற்கெனவே போட்டிருந்த தேதிக்குப் பக்கத்திலேயே இன்னொரு தேதி.

அவள் சல்லடைக்குப் பக்கத்தில் போய்ப் புருஷனுக்குக் கையை நீட்டினாள்.

"மெல்ல எறங்குங்க," என்றாள். "எறங்கும்போதுதான் தள்ளும்."